மூன்றாவது பிஸ்கட்

தட்டில் மூன்று பிஸ்கட்டுகளை வைத்துவிட்டு, டப்பாவை மேசைக்கடியில் தள்ளினார் சமரச அக்கா. வருவது எப்போதும் இரண்டு பேர். வைப்பது எப்போதும் மூன்று. "மூணாவத யாரு எடுக்கறாங்கன்னு பாத்தா, பாதி ஃபைல் படிச்ச மாதிரி" என்பார்.

பிரியப்போகிற கணவன் மனைவியை எதிரெதிரே உட்காரவைத்து, கோர்ட்டில் இழுபடாமல் பேசி முடிப்பது அவர் வேலை. அதற்கு முன் இருபது வருடம் வங்கியில் கடன் பிரிவு. சேர்த்துவைக்கும் ஆசையெல்லாம் கிடையாது. "தாராளமா பிரிஞ்சு போங்க. தெருவுக்கு மட்டும் போயிடாதீங்க." அவருடைய நாற்காலிக்கு உருளை உண்டு. யார் குரல் உயர்கிறதோ அவரை நோக்கி, முட்டியும் முட்டியும் இடிக்கும்வரை உருண்டு போவார். அதற்கு மேல் கத்துவது யாருக்கும் சிரமம்.

அன்று வந்தவர்கள் ஒரு பஸ் டிரைவரும், பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் அவர் மனைவியும். முதல் இரண்டு நாளையும் வாஷிங் மெஷின் யாருக்கு என்ற சண்டையே விழுங்கியிருந்தது. இதற்குள் இரண்டு வக்கீல்களின் பில்லும் வளர்ந்து, பதினொரு வயது மகள் இருக்கும் வீட்டையே விற்றால்தான் அடைக்க முடியும் என்றாகிவிட்டது.

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வீடு ரெண்டுபட்டா?" என்று கேட்டுவிட்டு அக்கா தானே சிரித்தார். டிரைவர் தன் கையிலிருந்த வக்கீல் பில்லைப் பார்த்தார்.

பிறகு ஆளுக்கொரு தாள். தன் மாதச் செலவை எழுதக் கூடாது, அடுத்தவருடையதை எழுத வேண்டும். இது அக்காவின் பழைய குறும்பு.

டிரைவரின் தாளை மனைவி எட்டிப் பார்த்தார். "முதுகுவலித் தைலம் ரெண்டா? ஒண்ணுதான்."

"ரெண்டு. ஒண்ணு உன் பையில, ஒண்ணு தலகாணிக்கு அடியில."

மனைவியின் தாளில் ஒரு வரி: 'டாக்டருக்குத் தெரியாத ஐஸ்கிரீம்.' டிரைவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். அக்கா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

இரண்டு தாளையும் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு குடித்தனம் நடத்தலாம், வக்கீல்களையும் சேர்த்து நான்கு நடத்த முடியாது என்று தெரிந்தது. மகள் பள்ளி முடிக்கும்வரை வீட்டை விற்பதில்லை. வக்கீல் பில் கடனில் பாதியை டிரைவர் மாதாமாதம் கட்டுவார். வாஷிங் மெஷின் அங்கேயே இருக்கும். ஞாயிறுதோறும் அவர் துணி கொண்டுவரலாம்.

"சோப்பு உங்களோடது" என்றார் மனைவி.

"சரி."

எழுந்தபோது மூன்றாவது பிஸ்கட் தட்டிலேயே இருந்தது. "பாப்பாவுக்கு" என்று மனைவி அதை எடுத்தார். டிரைவர் வக்கீல் பில்லை நீட்டினார். அதிலேயே பொட்டலம் கட்டிக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள்.

அக்கா மேசைக்கடியில் குனிந்தார். பிஸ்கட் டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு, செருப்புகூட மாட்டாமல், அவர்கள் பின்னால் ஓடினார்.