பழுப்புக் கண்ணுக்கு ஊதா

மேக்கப்புக்கு வரும் கல்யாணப் பெண்களை நான் முதலில் வாசலுக்குத்தான் அழைத்துப் போவேன். வெயிலில் நிற்கவைத்து, முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணைப் பார்ப்பேன். "கூசுதுக்கா" என்பார்கள். கூசட்டும். தன் கண் கறுப்பு என்று நினைத்துக்கொண்டு வராத பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. வெயிலில் பார்த்தால் அநேகமாக எல்லோருக்கும் பழுப்புதான். சிலருக்கு டிக்காஷன் நிறம், சிலருக்குப் பனைவெல்ல நிறம். பழுப்புக் கண்ணை எடுத்துக் காட்ட ஊதாவை விட்டால் வேறு நிறம் கிடையாது.

எந்த ஊதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. லாவண்டர், டப்பாவில் பார்க்க அழகாக இருக்கும், நம் தோலில் போட்டால் சாம்பல் பூசிய மாதிரி வெளிறிவிடும். நீலம் கலந்த ஆழ்ந்த ஊதா, கத்தரிக்காய்த் தோல் நிறம், அதுதான் நமக்குப் பொருந்தும். சிவப்புச் சேர்ந்த ஊதாவை மட்டும் யோசித்துத்தான் தொட வேண்டும். கண்ணுக்குக் கீழே ஒரு விரல் இறங்கிவிட்டாலும் எவனோ முகத்தில் குத்திவிட்ட மாதிரி இருக்கும். பொன்னேரியில் எனக்கு அழகுக்கலை சொல்லிக்கொடுத்த அக்கா இதைச் சொல்லித் தரவில்லை. ஒரு மனிதனின் கை உடைந்துதான் நான் இதைத் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். பிறந்த குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கு இந்தப் பக்கம், வாழ்க்கைப்பட்ட குப்பம் அந்தப் பக்கம். அழகுக்கலை படிக்க வேண்டும் என்று நான் கேட்டபோது என் பெரியண்ணன், "மீன் விக்கிற வூட்டுப் பொண்ணுக்கு இன்னாத்துக்குமே பவுடர் படிப்பு?" என்று சிரித்தான். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மூன்று மாதம் தினமும் காலையில் என்னைப் படகில் ஏற்றிவந்து பழவேற்காட்டில் பொன்னேரி பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டுத்தான் வலைக்குப் போனார். அந்த மூன்று மாதத்துக்காகவே அவர்மேல் எனக்கு ஆசை கூடியது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை, சொல்லியிருக்கலாம்.

படிப்பு முடிந்ததும் அம்மாவுக்கும் அண்ணன்களுக்கும் என் கைவேலையைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. ஆடி பிறக்க நான்கு நாள் இருந்தது. ஆடிக்கு அண்ணன்கள் சீர்த் தட்டோடு வந்து என்னை அழைத்துப் போவார்கள், அதுதான் முறை. என்னால் நான்கு நாள் பொறுக்க முடியவில்லை. நானே கிளம்பினேன்.

என்னிடம் இருந்த டப்பாவில் மூன்று ஊதா. எங்கள் தகரக் கூரை வீட்டில் ஒரே ஒரு பல்பு. அந்த மங்கல் வெளிச்சத்தில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் சிவப்பு கலந்ததை, நாவல்பழ நிறத்தை வைத்துக்கொண்டேன். நிறம் கலையாமல் நிற்க அடியில் போடும் க்ரீமைப் போடவில்லை. அவசரம். என் வீட்டுக்காரர் வலையைத் தோளில் போட்டபடி எட்டிப் பார்த்தார்.

"நீயாமே இது? உங்க அண்ணனுங்க யாரோன்னு நெனச்சித் திருப்பி அனுப்பிடப் போறானுங்க."

"நல்லாக்கீதா, இல்லியா?"

"நல்லாத்தான்கீது. எனக்கே உன்னாண்ட பேச பயமாக்கீது."

அன்றைக்கு அவருக்குப் பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டலாம் என்று குப்பங்கள் சேர்ந்து முறை வைத்திருக்கும், அந்த முறையைத்தான் பாடு என்போம். பாட்டை விட்டுவிட்டு யாரும் மனைவியைக் கொண்டுபோய் விட மாட்டார்கள். அதனால் பையை எடுத்துக்கொண்டு தனியாகவே சவாரிப் படகில் ஏறினேன்.

காற்று எதிரில் அடித்தது. தண்ணீர் முகத்தில் தெறித்துக்கொண்டே வந்தது. உப்பு எரிய எரிய முந்தானையால் கண்ணைத் துடைத்தேன், தலையைச் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டேன். கண்ணாடி இல்லை. கரையில் இறா பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். என் அழகில் அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு அறிவு எனக்கு.

வீட்டில் அம்மா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியண்ணனும் சின்னண்ணனும் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணன் என் கண்ணைப் பார்த்தான், பையைப் பார்த்தான், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான்.

"அவன் எங்க?"

"பாட்டுக்குப் பூட்டாரு."

அவ்வளவுதான். இருவரும் எழுந்தார்கள். சுவரில் சாய்த்திருந்த துடுப்புகளை எடுத்துக்கொண்டு போனார்கள். தொழிலுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் மேக்கப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. சோறு சாப்பிட்டேன். கை கழுவப் போகும்போதுதான் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணைச் சுற்றியும் சிவப்பும் ஊதாவுமாகக் கன்னம் வரை இறங்கியிருந்தது. உப்புத் தண்ணீரில் கண் வெள்ளையும் சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினால், அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மே. உங்க அண்ணனுங்க பாத்துக்குவானுங்க."

எங்கள் ஊரில் அடி வாங்கிவிட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவளுக்கு அவமானமாம். அதிலும் ஆடிக்கு அழைக்க ஆள் வருவதற்குள் பையோடு தனியாக வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது எனக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். என் முகத்துக்கும் அது பொருந்தும் என்று மட்டும் தோன்றவில்லை.

முகத்தைக் கழுவாமலே கரைக்கு ஓடினேன். கழுவிவிட்டால் யார் நம்புவார்கள்? வாசலைத் தாண்டும்போதே அண்ணனுக்குப் போன் போட்டேன், அது வீட்டுக்குள்ளேயே அடித்தது. என் வீட்டுக்காரர் பாட்டுக்குப் போகும்போது போனை எடுத்துப் போக மாட்டார். இறா ஏற்ற வந்த படகுக்காரரைக் கெஞ்சி ஏறினேன். அந்த அரை மணி நேரம் நான் கும்பிடாத சாமி இல்லை.

கழி ஊன்றி வலை கட்டியிருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். சின்னண்ணன் என் வீட்டுக்காரர் கழுத்தைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான். விட்டு, மூச்சு வாங்கவைத்து, மறுபடியும் அமுக்கினான். பெரியண்ணன் துடுப்பால் முதுகில் போட்டுக்கொண்டிருந்தான். அவர் தண்ணீரைக் கக்கிக்கொண்டே, "நான் இன்னாடா பண்ணேன்? நான் இன்னாடா பண்ணேன்?" என்று கேட்டார். அவருடைய சட்டையெல்லாம் ரத்தமும் சேறும். நான் படகிலிருந்து குதித்தேன். கத்தினேன். தண்ணீரில் ஓட முடியாது, சேறு காலைப் பிடித்து இழுத்தது. அதற்குள் துடுப்பு இன்னொரு முறை மேலே போனது. அவர் தலையைக் காப்பாற்ற வலது கையைத் தூக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது.

"சாயம்டா, சாயம்டா பாவிகளா!" நான் நனைந்த முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்து, துணியைப் பெரியண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன். துணி முழுக்க ஊதா. அவன் துணியைப் பார்த்தான், என் கண்ணைப் பார்த்தான். கையில் துடுப்பு அப்படியே நின்றது. சின்னண்ணன் கழுத்தை விட்டுவிட்டான். அவருடைய உடைந்த கை தண்ணீரில் துவண்டு மிதந்தது.

அதோடு முடியவில்லை. பக்கத்து வலைகளில் இருந்த அவர் குப்பத்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். தங்கள் பாட்டுக்குள் புகுந்து தங்கள் ஆளை அடித்தவர்களை யார் சும்மா விடுவார்கள்? கழியைப் பிடுங்கி அடித்தார்கள். சின்னண்ணனுக்கு மண்டை பிளந்தது. பெரியண்ணனுக்குக் காது கிழிந்து தொங்கியது. நான் நடுவில் நின்று, யார் பக்கம் என்று தெரியாமல் எல்லோரையும் வைதேன்.

இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பஞ்சாயத்து பேசினார்கள்.

"அடிச்சான்னு பொண்ணு சொல்லுச்சா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

பெரியண்ணன் காதில் கட்டோடு எழுந்து, "அடி வாங்கிக்கினு வந்து நிக்கற பொண்ணாண்ட எவன்யா கேப்பான்?" என்றான். இரண்டு குப்பமும் சேர்ந்து தலையாட்டியது. அதில் தப்பு ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை. அடுத்தவர் பாட்டில் இறங்கியதுதான் தப்பு. என் அண்ணன்கள் தங்கள் பாடு மூன்று கழியும்வரை ஏரியில் வலை போடக் கூடாது என்று முடித்தார்கள். அதற்குப் பிறகு கரையில் அவர்களுக்குப் பெயரே 'பவுடர் பார்ட்டி' என்று ஆனது. டீக்கடையில் உட்கார்ந்தால்கூட யாராவது கண்ணைத் துடைத்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் சிரிக்கிற நிலையில் இல்லை. கட்டுப் போட்ட கையோடு பத்தாம் நாளே வலை இழுக்கப் போனார். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகு கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அவர் பாட்டுக்கு அவர் தம்பி போனான். இவர் கரையில் உட்கார்ந்து கழித்த மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னிடம் பேச்சு குறைந்தது. என் கண்தான் அவர் கையை உடைத்தது என்று நானும் நினைத்தேன், இன்றைக்கும் பாதி நினைக்கிறேன். அவரைச் சரிக்கட்ட என்ன செய்வதென்று தெரியாமல் தினம் ஒரு குழம்பு வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து எங்கள் குப்பத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு எது எடுக்கும் என்று பார்க்க டப்பாவைத் திறந்து என் கையின் பின்பக்கத்தில் மூன்று ஊதாவையும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தார். என் கையைப் பார்த்தார். இடது கையால் அடித்தார். பழக்கமில்லாத கை, குறி தப்பி நேராகக் கண்ணில் விழுந்தது. நான் சுவரில் மோதிக் கீழே விழுந்தேன். டப்பாவைக் காலால் மிதித்தார், மறுபடியும் மிதித்தார்.

"அடிக்காததுக்கே கைய ஒடச்சானுங்க இல்ல? இப்ப அடிச்சிட்டேன். போ. போயி இட்டுக்கினு வா உங்க அண்ணனுங்கள."

குரல் உடைந்துவிட்டது அவருக்கு. இருந்தாலும் மன்னிக்கத் தோன்றவில்லை. என்னைப் பஸ் ஏற்றிவிட்ட மனிதரை அன்றோடு தொலைத்துவிட்டேன் என்று தெரிந்தது.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு அதே சவாரிப் படகில் போனேன். ஒரு கண் மூடியே இருந்தது. பெரியண்ணன் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னாமே, மறுபடியும் பூசிக்கினு வந்துட்டியா? இந்தத் தபா நாங்க ஏமாற மாட்டோம்."

எழுந்து வந்து, என் முகத்தைப் பிடித்து, கட்டைவிரலால் கண்ணுக்குக் கீழே அழுத்தித் தேய்த்தான். நான் அலறினேன். அதுவும் நடிப்பு என்று நினைத்து இன்னொரு முறை தேய்த்தான். பிறகு விரலைப் பார்த்தான். விரலில் ஒன்றும் இல்லை. அவன் முகம் மாறியது.

"ண்ணா, துடுப்ப எடு" என்றேன்.

அவன் எடுக்கவில்லை. என்னை உட்காரவைத்தான், குடித்துக்கொண்டிருந்த டீயை என் கையில் கொடுத்தான். அவ்வளவு அன்பாக அவன் என்னிடம் பேசி நான் கேட்டதில்லை. "வுடும்மே. நாங்க அவன் கைய ஒடச்சோம். அவன் உன்ன ஒண்ணு போட்டான். சரியாப் பூட்ச்சு. இனிமே அவனுக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்ல."

என்னை அடித்தவர்மேல் வந்த கோபம் ஒரு பங்கு என்றால், அந்த 'சரியாப் பூட்ச்சு' என்பதன்மேல் வந்த கோபம் நூறு பங்கு. இவர்கள் கணக்குத் தீர்க்க என் மூஞ்சிதான் கிடைத்ததா? டீயை அவன் மேல் ஊற்றினேன். சுவரோரம் இருந்த துடுப்பை நானே எடுத்தேன். எங்கே படும் என்றெல்லாம் பார்க்கவில்லை, கை கொண்ட மட்டும் வீசினேன். புருவத்தில் பட்டுப் பிளந்து, ரத்தம் கண்ணில் வழிய அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். என்னைத் தாண்டி அவனிடம் போனாள். அவன் தலையை மடியில் போட்டு, முந்தானையால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே, மூடிய கண்ணோடு நின்ற என்னை அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"அடிப்பாவி, அவன் கண்ணு பூட்ருந்தா இன்னாமே பண்ணுவ?"

நான் துடுப்பைக் கீழே போட்டேன். பையை எடுத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸுக்கு நடந்தேன்.