வீடு மாறி வந்த விருந்தாளிகள்

கிறிஸ்துமஸ் அன்று டத்தோ கிராமாட் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில், தெரிந்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போகும் திறந்த இல்ல விருந்து. பன்னிரண்டு பேருக்குத்தான் ஆட்டுக்கறி சமைத்திருந்தோம். மகன் குடும்பம் வருவதற்குள் ஒரு தம்பதி நான்கு பிள்ளைகளோடு வந்து சாப்பிட உட்கார்ந்தனர். மனைவியின் தேவாலயத்து ஆட்கள் என்று நான் நினைத்தேன். என் பழைய அலுவலக நண்பர்கள் என்று அவள் நினைத்தாள்.

கறி குறையக் குறைய எனக்குப் பதற்றம். யார் என்று கேட்க வாயைத் திறந்தபோது அந்தக் கணவருடைய கைப்பேசி ஒலித்தது. பேசியவர் முகம் வெளிறி எழுந்தார்.

“மன்னிச்சிடுங்க அங்கிள், பக்கத்து வீட்டு விருந்துக்கு வந்தோம். வீடு மாறிட்டோம்.”

“கர்த்தர் பொறந்த நாளுக்குத்தானே வந்தீங்க? எந்த வீடா இருந்தா என்னலா, உக்காருங்க தம்பி!” என்றாள் மனைவி.

பிறகு வந்த மகன் குடும்பம் முட்டைப் பொரியலோடு சிரித்துக்கொண்டே சாப்பிட்டது. நான் ஒரு நொடி முந்திக் கேட்டிருந்தால், பிள்ளைகள் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்திருப்பேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் தட்டை நீட்டுகிறேன். அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் பெயரைக் கேட்கிறேன்.