சர்வருக்கு வைத்த பொட்டு

மும்பை செம்பூரில் எங்கள் சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓடவிடுவதில்லை. பிரிண்டர், ஏசி, குடிதண்ணீர் மெஷின், எல்லாவற்றுக்கும் நெற்றி உண்டு. குஜராத்தி முதலாளி தேங்காய் உடைப்பார். பூசை என் பொறுப்பு. மாட்டுங்காக்காரன், மதராசி. அதற்கு மேல் தகுதி யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் வேலையும் இருபது வருஷத்துக்கு முன் ஏறக்குறைய இப்படித்தான் என் தலையில் விழுந்தது.

ஃபைல்களெல்லாம் இருக்கும் சர்வரிலிருந்து ஒன்றைத் திறப்பதற்குள் ஒரு கட்டிங் சாய், அரை கிளாஸ் டீ, குடித்துவிடலாம் என்று எல்லாரும் புலம்ப ஆரம்பித்ததும், முதலாளி வெளிக் கம்பெனி ஒன்றைக் கூப்பிடப் பார்த்தார். வருகிறவர்கள் சர்வரை மட்டுமா பார்ப்பார்கள்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்திரண்டு வயசுப் பழைய சாமானையும் பார்ப்பார்கள். "நானே முடிச்சுடறேன் சேட், சின்ன வேலை" என்று ஹிந்தியில் அளந்தேன். வேகத்துக்குப் பழைய வயரை மாற்றி ஃபைபர் கேபிள் போட வேண்டும். அதை அதுவரை வீடியோவில்தான் பார்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலி வயர்மேன், ஹாலில் எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் கூடும் பெட்டியிலிருந்து சர்வர் அறை வரை ஃபைபரை இழுத்துக் கொடுத்தார்.

"பழைய வயரு கெடக்கட்டுமா அண்ணாச்சி?"

"எதுக்குப்பா? வெட்டிப் போடு."

வெட்டிச் சுருட்டிவிட்டார். என் வீரம் அதோடு முடிந்தது.

சர்வரில் ஃபைபரைச் செருகுவதற்கான புதுக் கார்டைப் பொருத்தி, விபூதி குங்குமம் இட்டேன். கேபிள் நுனியின் மூடியைக் கழற்றி, அதற்கும் அதே விரலால் பயபக்தியாக ஒரு தொடல். செருகினேன். பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை.

சர்வரை அணைத்துப் போட்டேன். எரியவில்லை. கேபிளைப் பிடுங்கி, இன்னும் கொஞ்சம் விபூதி வைத்துச் செருகினேன். ஊஹும். ஏசி அறையில் எனக்கு முதுகு நனைந்தது. திங்கள் ஒன்பது மணிக்கு முப்பது பேர் வந்து உட்காருவார்கள், சர்வர் மட்டும் வராது. பழைய வயரும் இல்லை. அந்த வெளிக் கம்பெனி ஆள் என் நாற்காலியில் உட்கார்ந்து உயரத்தைச் சரிபண்ணிக்கொள்வது கண்ணில் தெரிந்தது. போன் அடித்தது. முதலாளி.

"ஹோ கயா?" முடிந்ததா?

"பஸ், ஹோ ரஹா ஹை சேட்." இதோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று அளந்தேன்.

வயர்மேன் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளைய காணாத பொண்ணு வீட்டுக்காரன் மாதிரி நிக்கிய?"

"கிண்டல் பண்ணாதேப்பா. விளக்கு எரியலை. என் வேலையே போயிடும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். கேபிள் நுனியைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். மறுபடி நுனியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உள்ள திருநீறுல்லா அப்பிக் கெடக்கு! முடி மாதிரி கண்ணாடி, அது வழியா வெளிச்சம்தான் போவுது. நீங்க அதை அடைச்சிட்டு வெளக்கு எரியலங்கிய!"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் துடைப்புக் குச்சியால் நுனியையும் கார்டின் துளையையும் துடைத்தார். நான் மூச்சுவிடவில்லை, என் மூச்சிலும் விபூதி இருக்கலாம். செருகினார். பச்சை.

முதலாளிக்கு நானே போன் செய்து, தூசி அடைத்திருந்தது, சரியாகிவிட்டது என்றேன்.

"தூசியா?" என்றார் வயர்மேன். "சாமிக்குக் கேட்டிரும், மெதுவா சொல்லுங்க."

திங்களன்று ஏழு மணிக்கே போய், சர்வருக்கு இட்டிருந்த விபூதி குங்குமத்தைத் தடமில்லாமல் துடைத்துவிட்டு, பச்சை விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பதுக்கு எல்லாரும் வந்தார்கள். ஃபைல்கள் சட்டென்று திறந்தன. சாய்க்காரருக்குத்தான் ஏமாற்றம். முதலாளி கையில் தேங்காயோடு வந்து சர்வரை உற்றுப் பார்த்தார்.

"டீக்கா கஹாங் ஹை?" பொட்டு எங்கே?

விபூதிச் சம்புடத்தைத் திறந்தேன். சர்வர் அறைக் கதவை வெளிப்பக்கமாக இழுத்துச் சாத்தி, கதவுக்கு வைத்தேன்.