எங்கள் தெரு நடத்திய போர்

எல்லையில் போர் நடந்தது சில நாட்கள்தான். கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில், எங்கள் தெருவில், அது அந்த வருஷம் முழுக்க நடந்தது. சண்டை நிறுத்தம் என்று அங்கே அறிவித்த பிறகும் எங்கள் மளிகைக் கடையில் யாரும் அறிவிக்கவில்லை.

முதலில் ஏறியது சமையல் எண்ணெய். அதுகூடப் பரவாயில்லை, கப்பலில் வருகிறது, கடலில் ஏதோ பிரச்சினை என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அடுத்து தேங்காய் ஏறியது. பொள்ளாச்சியிலிருந்து வரும் தேங்காய் எந்த எல்லையைத் தாண்டி வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். "போருங்க அக்கா, நம்ம கையில என்ன இருக்குதுங்க?" என்றார். அவர் கையில் என்னுடைய ஐந்நூறு ரூபாய் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. முடிவெட்டும் கடையில் விலைப்பட்டியலை அழித்துப் புதிதாக எழுதினார்கள். கத்தரிக்கோல் எந்த நாட்டிலிருந்து வந்ததோ, நான் கேட்கவில்லை. பேக்கரியில் தேங்காய் பன் நாளுக்கு நாள் சிறுத்தது, விலை மட்டும் தேசப்பற்றோடு நிமிர்ந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் சமாதானத்துக்காக மன்றாடச் சொன்னார். மனமுருகி மன்றாடினோம். பிறகு கோயில் வாசலில் நின்று, பவுன் இன்னும் ஏறுமா, இப்போதே வாங்கிவிடலாமா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டோம்.

பொழுதுபோக்குக்குக் குறைவே இல்லை. கிரிக்கெட்டைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான் பார்த்துவந்த தொடரில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் திரையின் கீழ்ப்பாதியை முக்கியச் செய்தி விழுங்கிவிட்டது. தாலி ஏறியதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதைவிட விறுவிறுப்பாகச் செய்திச் சேனல்கள் இருந்தன. எந்தச் சேனலைத் திருப்பினாலும் சைரன் ஊதியது. செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் பொம்மை விமானங்கள் பறந்தன. காலையில் பிடித்த நகரத்தையே மாலையில் மறுபடியும் பிடித்தார்கள்.

இந்தப் படையெடுப்புகளையெல்லாம் எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து நடத்தியவர் என் கணவர். மில் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அந்த ஓய்வை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. போர் வந்து அவரைக் காப்பாற்றியது. டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று முப்பது வருஷமாகத் தெரியாத மனிதருக்கு, எதிரி நாட்டு விமானத் தளங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. நான் பள்ளிக்கூட டீச்சர். கோடை விடுமுறை என்பதால் வீட்டிலேயே இருந்து, இந்தப் பாடத்தை முழுநேரமும் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

போரில் உண்மையாகவே சம்பந்தப்பட்ட ஒரு குடும்பம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அன்னூர்ப் பக்கம். அப்பா அம்மா இருவரும் ஊரார் தோட்டத்தில் கூலிக்குப் போய் அவளைப் படிக்க வைத்தவர்கள். பக்கத்தில் பம்ப் மோட்டார் செய்யும் ஒரு பட்டறையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை பார்த்தாள். அவள் கணவர் ராணுவத்தில் டிரைவர். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. பட்டறைக்குப் போகும்போது குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். அவள் வீட்டில் டிவி கிடையாது. அந்தக் குறையை என் கணவர் தீர்த்துவைத்தார். ஒவ்வொரு முக்கியச் செய்திக்கும் படியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"அம்மணி, உங்கூட்டுக்காரரு இருக்கற பக்கந்தான் இப்ப குண்டு போடறாங்களாமா."

"அப்படீங்களா அண்ணா" என்பாள். குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த கை நிற்காது.

ஒரே ஒரு தடவை என்னிடம் வந்து, "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. டிவி சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சா தேவலைங்க. அந்தச் சைரன் சத்தம் கேட்டாப் பாப்பா கட்டலுக்கு அடியில போயி உக்காந்துக்குதுங்க" என்றாள். நான் போய்ச் சத்தத்தைக் குறைத்தேன். "நாடே பத்தி எரியுது, உனக்குச் சத்தம் பெருசாத் தெரியுதா?" என்று என் கணவர் என்னைத் தேசத் துரோகியைப் போலப் பார்த்தார்.

அதற்கு அடுத்த நாள்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அந்தப் பெண்ணின் கணவர் தன் வாட்ஸ்அப்பில் சீருடையோடு ஒரு படம் வைத்திருந்தார். அதை எடுத்துத் தெரு குரூப்பில் போட்டார் என் கணவர். "நமது தெருவின் சிங்கம்! எதிரியை நேருக்கு நேர் சந்திக்கிறார்! அதிகம் பகிருங்கள்!" என்று எழுதி, அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் சேர்த்திருந்தார். தெருவே கை தட்டியது. போனை மார்பில் வைத்துக்கொண்டு மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

சாயங்காலம் அவள் இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது. அப்படி நான் அவளைப் பார்த்ததே இல்லை.

"அண்ணா, ஊர் பேரெல்லாம் யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவரு சொல்லிப்போட்டுத்தான் போனாருங்க. தயவு செஞ்சு அதை எடுத்துப்போடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கோபத்தில்கூட ஒரு 'ங்க' குறையவில்லை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அழித்தார். ஆனால் அதற்குள் அது எங்கள் தெருவைத் தாண்டித் துடியலூர் வரை போயிருந்தது.

போன இடத்தில் அது சும்மா இருக்குமா? முதலில் ஒருவர் கும்பிடும் கை போட்டார். அதைப் பார்த்த இன்னொருவர் 'இவருக்காகப் பிரார்த்திப்போம்' என்றார். காரணமில்லாமல் பிரார்த்திப்பார்களா என்று யோசித்த மூன்றாமவர் 'பலத்த காயம்' என்று சேர்த்தார். இரண்டு நாள் சுற்றி எங்கள் தெருவுக்கே அது திரும்பி வந்தபோது படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் இருந்தது. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தது.

அடுத்த தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பகுதியில் இருந்தார். துக்கத்தில் முந்திக்கொள்வதில் அவரை யாராலும் ஜெயிக்க முடியாது. மத்தியானத்துக்குள் பிளெக்ஸ் பேனர் அடித்துத் தெருமுக்கில் கட்டிவிட்டார். 'வீர வணக்கம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. ராணுவ வீரரின் படம் ஒரு ஜன்னல் அளவுக்கு இருந்தது. வணக்கம் செலுத்துகிறவரின் படம் ஒரு கதவு அளவுக்கு இருந்தது.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் மாலையோடு நின்றிருந்தார்கள். நாற்காலியை எந்தப் பக்கம் போடலாம் என்று ஒருவர் கேட்டார். என் கணவர் தெருமுக்குவரை போய்ப் பேனரைப் பார்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். "அது நான் போட்ட போட்டோ" என்று என் காதருகில் சொன்னார்.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று வேட்பாளரைக் கேட்டேன்.

"குரூப்புல வந்துச்சுங்க டீச்சர்."

"எந்த குரூப்புல?"

"எல்லா குரூப்லயும் வந்துச்சுங்க" என்றார், அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும் என்பது போல.

அவளைப் பட்டறையிலேயே தடுத்து நிறுத்தலாம் என்று நான் செருப்பைத் தேடும்போது அவளே வந்துவிட்டாள். தெருமுக்கில் திரும்பியவள் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். தோளில் இருந்த சாப்பாட்டுப் பை நழுவிக் கீழே விழுந்தது. கத்துவாள், ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக, வழக்கமாக வருவது போலவே நடந்து வந்தாள். மாலையோடு நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். என் முன்னால் வந்து நின்று கேட்டாள்.

"அக்கா, பாப்பா சாப்ட்டாளுங்களா?"

சாப்பிட்டாள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு மாடிப்படியில் முதல் படியில் உட்கார்ந்தாள். "மூணு நாளா அவரு போனே வரலீங்க" என்றாள்.

அவள் கணவர் போகும்போது ஒரு போன் நம்பரை எழுதி, அவசரத்துக்கு என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அது ஒட்டியிருந்தது. நான் ஓடிப்போய்க் கிழித்துக்கொண்டு வந்தேன். என் கணவர் அடித்தார். போகவில்லை. மறுபடி அடித்தார். ஏழோ எட்டோ தடவைக்குப் பிறகு யாரோ எடுத்து இந்தியில் பேசினார்கள். எதிரியின் தலைநகரத்தை நாலு தடவை பிடித்த எங்கள் தெருவில் ஒருவருக்கும் இந்தி தெரியவில்லை.

நான்தான் முக்கில் பானிபூரி விற்கும் பீகார்க்காரரைக் கூப்பிட்டேன். வடக்கத்தியான், வடக்கத்தியான் என்று எங்கள் தெரு குரூப்பில் அவரைப் பற்றி எத்தனை புகார் எழுதியிருப்பார்கள்! அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து போனை வாங்கினார். நிறையப் பேசினார். காத்திருந்தார். மறுபடி பேசினார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"ஆளு நல்லா இருக்கு அக்கா. தண்ணி வண்டி ஓட்டுது. இப்ப வெளிய போச்சு. வந்தா போன் பண்ணுது."

அப்போதுதான் அவள் அழுதாள்.

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. யாரும் கலையவில்லை, மாலையை எங்கே வைப்பது என்றும் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். போன் அடித்தது. அவள் எடுத்து ரொம்ப நேரம் "ம்" மட்டும் சொன்னாள். பிறகு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போனை என் கணவரிடம் நீட்டினாள். "உங்ககிட்டப் பேசோணுமாமுங்க."

அந்தப் பக்கம் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "ஏனுங்ணா, எனக்கு மாலையெல்லாம் வாங்கிப்போட்டாங்களாமா? லீவுல வாரப்பப் போட்டுக்கறேன், வாடாமப் பாத்துக்கச் சொல்லுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் கணவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகத் தெருமுக்குக்கு நடந்தார்.

வேட்பாளர் பின்னாலேயே ஓடினார். "அண்ணா, அண்ணா, உசுரோட இருக்கறது நம்ம எல்லார்த்துக்கும் சந்தோசமுங்க. 'வீர வணக்கம்'கற எடத்துல மட்டும் 'வாழ்த்துகள்'னு ஒட்டிக்கலாமுங்களா? காசு குடுத்து அடிச்சதுங்க."

என் கணவர் கம்பத்தில் ஏறினார். அந்த வயதில், அந்த உடம்போடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. பேனரைக் கிழித்து இறக்கும்போது கட்டுக்கம்பி உள்ளங்கையைக் கீறியது. எங்கள் தெரு நடத்திய போரில் சிந்திய ரத்தம் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எல்லையில் சண்டை ஓய்ந்தது. சேனல்கள் ஒரு நடிகரின் விவாகரத்துக்குப் படையைத் திருப்பின. எண்ணெய் விலை ஏறின இடத்திலேயே நின்றது, ஏன் என்று கேட்டால் மழையைக் காரணம் சொன்னார்கள். எங்கள் தெரு குரூப்பில் பானிபூரிக்காரரைப் பற்றி இரண்டு வாரத்துக்கு யாரும் புகார் எழுதவில்லை. மூன்றாவது வாரம் எழுதினார்கள்.

ஆடி மாதத்தில் அவள் கணவர் லீவில் வந்தார். முதல் இரண்டு நாள் தூங்கினார். பிறகு குழந்தையைக் கூட்டிக்கொண்டு உக்கடம் குளத்தைச் சுற்றிக் காட்டப் போனார். வீட்டில் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்ததைப் பிரித்துச் சரி செய்தார். அங்கே என்ன நடந்தது என்று என் கணவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மோட்டாரைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார்கள்.

அவர் திரும்பிப் போன வாரத்தில் அவள் வந்து, வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னாள். துடியலூரில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருந்தாள். பட்டறைக்குப் பஸ்ஸில்தான் வர வேண்டும். நான் வருத்தத்தோடு, "எங்க மேல கோவமா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஐயோ, கோவமெல்லாம் இல்லீங்க அக்கா. பாப்பாவ நீங்க பாத்துக்கிட்ட மாதிரி ஆரு பாப்பாங்க? அந்த முக்குல திரும்பறப்பெல்லாம் கண்ணு தானா மேல போகுதுங்க. அங்க ஒண்ணுமில்லைன்னு தெரியும். இருந்தாலும் போகுதுங்க. தெனமும் ரெண்டு தடவை திரும்போணுமில்லீங்களா?"

சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்தது. என் கணவர் யாரையும் தொடவிடாமல், கிரைண்டரைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு நாளாக என்னிடம் ஒத்திகை பார்த்திருந்தார். வண்டி கிளம்பும்போது அவள் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அங்க தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா உடறாங்க அம்மணி?"

"எட்டு நாளைக்கு ஒருக்காங்க அண்ணா."

"ரெண்டு பேருக்குப் பத்துமா?"

"பத்துமுங்க அண்ணா" என்றாள் அவள். "போயிட்டு வாரேனுங்க."