மூன்று வருடம் சும்மா இருந்தவள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைக்கும் பஞ்சமில்லை. அஞ்சாம் கிளாஸோடு நின்றவன். வாராவாரம் பத்திரிகை ஆபீஸில் என் பத்தியைப் படித்து டைப் அடிக்கிறவருக்கு இந்த வாரம் இரட்டைத் தண்டனை. கோபத்தில் எழுதுகிறேன். பேனா பேப்பரைக் கிழிக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை என் மகள் கலாவோடு ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். குட்வில் எஸ்டேட் பக்கம் ஒரு கான்ட்ராக்ட் ஆபீஸ். கம்ப்யூட்டரில் கட்டடப் பிளான் வரைய ஆள் வேண்டுமாம்.

கலா பாலிடெக்னிக் முடித்தவள். மூன்று வருடம் அந்த வேலையைத்தான் செய்தாள் – சென்னையில் இருக்கும் ஆபீஸுக்கு, கடலுக்கு இந்தப் பக்கம், ஷாதிபூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி. அந்த ஆபீஸை இந்த வருடம் மூடிவிட்டார்கள். அதனால்தான் இந்த அலைச்சல்.

நான் கதவோரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். மேனேஜர் எனக்குத் தெரிந்தவர்தான். அவர் வீட்டுக் குழாய் வேலையெல்லாம் நான் செய்தது. ரெஸ்யூமைப் பார்த்தார்.

"எக்ஸ்பீரியன்ஸ் மூணு வருஷமா? எங்க வேலை பார்த்தேம்மா?"

"சென்னை ஆபீஸ் சார். வீட்லேர்ந்து செஞ்சேன்."

"வீட்லேர்ந்தா? அரே, இந்த ஊர் நெட்ல ஒரு போட்டோ போக அரை நாள் ஆகுது. நீ பிளான் அனுப்பினியா?"

"சின்ன ஃபைல் நெட்ல போயிரும் சார். பெருசெல்லாம் பென் டிரைவ்ல போட்டு, ஃபிளைட்ல போறவங்ககிட்ட குடுத்துவிடுவோம்."

"வாஹ்! கருவாடு குடுத்துவிடுற மாதிரி!"

பக்கத்து மேஜைக் கிளார்க்கும் சிரித்தார்.

ஆமாம், கருவாடு மாதிரிதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இந்தத் தீவில் மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டுக் காகிதம் – எல்லாம் மெயின்லேண்ட் போகிறவர் கையில்தானே போகிறது? சிரித்த கிளார்க்கின் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி எப்படி வந்ததாம்?

அந்தப் பென் டிரைவை ஏர்போர்ட்டுக்கு எடுத்துப் போனவன் நான். காலி மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, அதற்குள் பென் டிரைவ். காலையில் ஏர்போர்ட் வாசலில் நின்று தெரிந்த முகம் தேடுவேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது எனக்கு. அப்படிப்பட்டவன், "அண்ணே, சென்னையா... இதைக் கொஞ்சம்..." என்று எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன்! மழையில் ஃபிளைட் கேன்சலான நாளில் டப்பாவோடு திரும்பி வருவேன். உடனே கலா சென்னைக்குப் போன் போட்டு, அளவுகளை ஒவ்வொன்றாக வாயால் சொல்வாள். அங்கே எழுதிக்கொள்வார்கள். தொண்டை கட்டிப்போகும். வேலை நின்றதில்லை.

மேனேஜர் பேனாவை எடுத்து எக்ஸ்பீரியன்ஸ் என்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். மூன்று வருடத்துக்கு ஒரே கோடு!

"ரிசப்ஷன்ல உக்காரு. போன் எடு. பிளானெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

"சார், நான் வரைஞ்ச பிளான் கொண்டுவந்திருக்கேன். ஒரு தடவை பாருங்க..."

"எதுக்கும்மா? உங்கப்பாவே சொன்னாரே, டேங்க் மாத்த வந்தப்ப. பொண்ணு வீட்ல சும்மாதான் இருக்குன்னு. க்யோன் பாய், என்னண்ணே, சொன்னீங்களா இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கலாவும்.

சொன்னேன். சொல்லியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

கலா ரெஸ்யூமை எடுத்து மடித்தாள். "ரிசப்ஷன் வேலை வேண்டாம் சார்" என்றாள். வெளியே வந்துவிட்டோம்.

அபர்டீன் பஜாருக்குப் பஸ்ஸில் வந்தோம். இறங்கியதும் கேட்டாள்.

"எத்தனை பேர்கிட்டப்பா அப்படிச் சொன்னீங்க?"

எண்ண முடியவில்லை. டீக்கடையில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில்... "மக என்னா பண்ணுது?" என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர், சென்னை ஆபீஸ் என்று ஆரம்பித்தால் பத்துக் கேள்வி வரும். "வீட்ல சும்மாதான் இருக்கு" என்றால் பேச்சு முடிந்துவிடும். என் கூச்சத்துக்கு அவளுடைய மூன்று வருடத்தை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு நான் கச்சால் தீவில் வீடுகளுக்குக் குழாய் போட்டேன். ஊரைவிட்டு, கப்பல் ஏறிப் போய்ச் செய்த வேலை. அதற்கு என்னிடம் ரவுண்டு சீல் போட்ட சர்டிபிகேட் இருக்கிறது. வேலையைத் தேடிக் கடல் தாண்டிப் போனால் அனுபவம். வேலையையே கடல் தாண்டி வீட்டுக்கு வரவழைத்தால் சும்மா! இது எந்த ஊர் நியாயம்?

அங்கேயே ஒரு டைப்பிங் கடைக்குள் நுழைந்தோம். கலா நின்றபடியே சொல்லச் சொல்ல, கடைக்காரர் புது ரெஸ்யூம் அடித்தார். சென்னை ஆபீஸ் பெயர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வரைந்த கட்டடங்கள், சரிபார்த்த இன்ஜினியர் யார்...

"வீட்லேர்ந்து செஞ்சதுன்னு போடணுமா? மறைச்சிரலாமேம்மா."

"போடுங்க. பென் டிரைவ் குடுத்துவிட்டதையும் போடுங்க. ஃபிளைட் இல்லாத நாள்ல போன்ல அளவு சொன்னதையும் போடுங்க. மூணு வருஷத்துல ஒரு பிளான்கூட லேட்டாகல. அதை மேலயே போடுங்க."

கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். போட்டார்.

"ரெஃபரன்ஸுக்கு ரெண்டு பேர் வேணும். அந்த இன்ஜினியர் ஒண்ணு. இன்னொண்ணு? நீ வேலை செஞ்சதை நேர்ல பார்த்தவங்க?"

"நான் பார்த்தேன்" என்றேன். அன்றைக்கு என் வாயிலிருந்து சத்தமாக வந்த முதல் வார்த்தை அதுதான்.

"நீங்க யாருண்ணே?"

"அப்பா."

"சொந்தக்காரங்க பேரு செல்லாதுண்ணே."

கலா சிரித்தாள். அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. இரண்டாவது இடம் காலியாகவே இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை வேறொரு ஆபீஸுக்கு அந்த ரெஸ்யூமை எடுத்துப்போகிறாள்.

அங்கே செல்லாதது இங்கே செல்லட்டும். "வீட்ல சும்மாதான் இருக்கு" என்று நான் யார் யாரிடம் சொன்னேனோ, அவர்களில் பாதிப் பேர் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள்தான். கேளுங்கள். நான் சொன்னது பொய். என் மகள் கலா மூன்று வருடம் வேலை பார்த்தாள். கண்ணால் பார்த்த சாட்சி நான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐந்து நாள் ஆனது. கிறுக்கலாக இருந்தாலும் என் கையெழுத்து. தேதியும் போடுகிறேன்:

21 ஆகஸ்ட் 2016, ஞாயிற்றுக்கிழமை.