பதினோரு வருஷம் எதிரில் நின்றவர்

எங்கள் சலவை நிலையத்தில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் விரிப்பின் இரண்டு மூலைகளை ஒருத்தி பிடிப்பாள், மற்ற இரண்டை எதிரே நிற்பவள் பிடிப்பாள். உதறி, இழுத்து, நீளவாக்கில் மடித்துவிட்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். மூலைகளைக் கைமாற்றும்போது இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருக்கும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை, சில நாள் நானூறு. பதினோரு வருஷமாக எனக்கு எதிரே நின்றவர், எங்கள் கட்டடத்திலேயே எனக்கு மேல் வீட்டில் குடியிருக்கும் அம்மா.

மேல்வீட்டம்மா என்றே எழுதுகிறேன். நானும் என் நாத்தனாரும் அவருக்கு வேறு ஒரு பெயர் வைத்திருந்தோம். நெட்டையான ஆள், நீண்ட கழுத்து. களைத்துப் போனால் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்பார். கொக்கு என்றோம். அவர் காதுபடவே சொல்வோம். அவர் மொழி வேறு, எங்கள் மொழி வேறு.

பெருநகரத்துக்குப் போகும் ரயில் தடத்தில் நாங்கள் இருப்பது கடைசி நிறுத்தம். நகரத்து ஓட்டல்களில் அழுக்காகும் துணியெல்லாம் லாரியில் இங்கே வந்து, வெளுத்துத் திரும்பிப் போகும். எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடு. ஒன்பது மொழி என்று என் மகள் ஒருநாள் எண்ணிச் சொன்னாள். குழாய் ஒழுகினால் இரண்டாம் மாடி பிளம்பர், காய்ச்சல் என்றால் தரைத்தளத்து நர்ஸ். பிள்ளைகளுக்கு எந்த வீட்டில் இருக்கும்போது பசிக்கிறதோ அந்த வீட்டில் சாப்பாடு. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற வழக்கம் இங்கே இல்லை. உள்ளே வந்த பிறகுதான் தட்டுவார்கள். இத்தனையும் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழியில் நடக்கும். அதை ஆளுக்கொரு விதமாக உடைத்துப் பேசுவோம்.

அந்தப் பொதுமொழி எனக்குச் சரியாக வராது. எட்டாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் வாய் ஒட்டிக்கொள்ளும். யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டு, என்ன கேட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து யோசிப்பேன். ஆனால் பக்கத்து மேசையில் நாத்தனார் இருந்தால் போதும், தமிழில் கொட்டித் தீர்ப்பேன். மேற்பார்வையாளரின் தொப்பை, நர்ஸ் புருஷனின் பாட்டு, பிளம்பர் மனைவியின் புதுச் செருப்பு, எதுவும் என் வாயிலிருந்து தப்பாது. அதிகம் அகப்பட்டவர் எதிரே நின்றவர்தான். கண் முன்னாலேயே இருந்தாரே.

அவர் புருஷன் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். இந்த ஊருக்கு வந்த நாலாம் வருஷமே இறந்துவிட்டார். ஒரே மகள். வளர்ந்து, கடல் தாண்டி வேலைக்குப் போனாள். முதலில் வருஷத்துக்கு ஒருமுறை வந்தாள், பிறகு வருவதில்லை. அவர் மொழியைப் பேசுகிறவர்கள் எங்கள் கட்டடத்திலும் இல்லை, வேலை செய்கிற இடத்திலும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், இந்தம்மா யாரோடு பேசுவார் என்று நான் ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர். மகனுக்குக் கை முறிந்தபோது ஒரு மாதம் ஊட்டிவிட்டவரும் அவர்தான். பொதுமொழியில் ஒரே வார்த்தையில் நன்றி சொல்வேன். மறுநாள் விரிப்பை உதறிக்கொண்டே, "கொக்குக்கு இன்னிக்கு என்னவாம், மூஞ்சி தொங்குது" என்று தமிழில் தொடங்குவேன்.

போன வருஷம் என் மாமியார் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு எங்களோடு இருக்க வந்தார். குனியக் கூடாது, நாலு வேளையும் சொட்டு மருந்து. பகல் வேளை மருந்தை நர்ஸ் வந்து போட்டார். புதன்கிழமை மேல்வீட்டம்மாவுக்கு வார விடுமுறை என்பதால் அன்றைக்கு அவர். மாமியாருக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. கையைக் காட்டிச் சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது புதன்கிழமை சலவை நிலையத்துக் கொதிகலனில் ஏதோ உடைந்து, மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். நாத்தனார் தெருமுனையில் பிரிந்து அவள் வீட்டுக்குப் போனாள். நான் படியேறி வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தமிழ் கேட்டது.

"கண்ண மூடாதீங்க அத்தை. மேல பாருங்க. மேல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதல."

"அப்ப ஒண்ணும் எழுதலன்னு படிங்க. ஆடாதீங்க, ஏன் இப்படி உயிர வாங்கறீங்க?"

மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் வாசலிலேயே நின்றேன். குரல் மேல்வீட்டம்மாவுடையது, பேச்சு என்னுடையது. 'உயிர வாங்கற' என்று நான் மேசையில் நாத்தனாரிடம் இழுக்கிற அதே இழுப்பு. 'அத்தை' என்கிற அழைப்பும் என்னுடையதுதான்.

"இவ்வளவு நல்லா பேசறியேம்மா, எங்க கத்துக்கிட்ட?"

"உங்க மருமகதான் வாத்தியார். பதினோரு வருஷம். ஒருநாள்கூட லீவு விட்டதில்ல."

"அவளா? அவ வாயே திறக்க மாட்டாளே!"

"என் முன்னாடி திறப்பா." பிறகு குரலைத் தணித்து, "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க அத்தை. பேசறத நிறுத்திடுவா. அப்புறம் மேசையில சத்தமே இருக்காது" என்றார்.

நான் ஓசைப்படாமல் இறங்கிப்போய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தில் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கழுத்தைப் பற்றி, நடையைப் பற்றி, அவர் கொண்டுவரும் சாப்பாட்டின் வாசனையைப் பற்றி. எல்லாவற்றையும் தாண்டி ஒன்று வந்து நின்றது. எட்டு வருஷம் முன்பு ஒருநாள் அவர் கண் சிவந்து வேலைக்கு வந்தார். வருவதாகச் சொன்ன மகள் வரவில்லை. மூலைகளைக் கைமாற்றுகிற நேரத்தில், அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டு, நாத்தனாரிடம் சொன்னேன்: "மக வரலையாம். எப்படி வருவா? இந்த மூஞ்சிய ஒரு வாரம் பாத்தா நானே ஓடிப்போயிடுவேன்." நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன். மேல்வீட்டம்மாவும் லேசாகச் சிரித்தார். அதுதான் படியில் உட்கார்ந்திருந்தபோது என்னைக் கொன்றது.

சாயங்காலம் நாத்தனாரிடம் போய்ச் சொன்னேன்.

"எல்லாமுமா அண்ணி?"

"எல்லாமும்தான்."

"கொக்குன்னதுமா?"

"அதுதானே பாடத்துல முதல் வார்த்தை."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல் சந்து வழியாகப் பார்த்து, "நல்லவேளை, நான் சிரிச்சதோட சரி. சொன்னதெல்லாம் நீங்கதானே" என்றாள்.

"அடிப்பாவி, எடுத்துக் கொடுத்தது யாரு?"

"எடுத்துக் கொடுத்தா? வாய் யாரோடது?" என்றாள். கோபமாக எழுந்து வந்துவிட்டேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் கோபம்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனாரும் ஊமையாக நின்றாள். விரிப்பு உதறும் சத்தம் மட்டும்தான். நடந்து கிட்டே வரும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் துணியைப் பார்ப்பேன். சனிக்கிழமை மதியம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மேற்பார்வையாளரிடம் போய், தோள் வலிக்கிறது, உயரமான ஆளோடு மடிக்க முடியவில்லை, வேறு ஆளை மாற்றிக் கொடுங்கள் என்றேன். பொதுமொழியில் நான் தடுமாறாமல் பேசியது அன்றைக்குத்தான். அவர் உடனே மேல்வீட்டம்மாவைத் துவாலை அறைக்கு அனுப்பினார். துவாலையைத் தனி ஆளாக மடிக்கலாம்.

அன்று சாயங்காலம் மேல்வீட்டம்மா எங்கள் வீட்டுக்குள் வந்தார். வந்த பிறகு கதவைத் தட்டினார். மாமியார் அடுத்த அறையில் படுத்திருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன்.

"தோள் வலியாமே," என்றார். தமிழில். என்னிடம் முதல் தடவை.

நான் தலையை ஆட்டினேன். பிறகு இல்லை என்றும் ஆட்டினேன்.

"மூணு நாளா நீ வாய மூடிட்ட. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நாங்க பேசினத நீ கேட்டுட்டன்னு."

"அக்கா," என்றேன். அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. "மன்னிச்சிடுங்க."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னு பொதுவா சொன்னா நான் விட்டுடுவேனா? எதுன்னு சொல்லு." பிள்ளைகள் தப்புச் செய்துவிட்டு நின்றால் நான் கேட்கிற கேள்வி. அதைக்கூட என்னிடமிருந்துதான் எடுத்திருந்தார். அவர் வாயோரத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. என்னைச் சீண்டிப் பார்க்கத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. கழுத்து, நடை என்று ஏதாவது சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்து முடித்திருப்போம்.

நான் அந்த நாளைச் சொன்னேன். பாரத்தை இறக்கிவிடுகிற அவசரம் எனக்கு. அவர் கண் சிவந்து வந்ததைச் சொல்லி, அன்றைக்கு நான் சொன்ன வார்த்தைகளை ஒன்றுவிடாமல் அப்படியே திருப்பிச் சொன்னேன். சொல்லி முடித்துத் தலை நிமிர்ந்தபோது சிரிப்பைக் காணோம்.

"அன்னிக்கா?" என்றார். "அப்ப எனக்கு இவ்வளவு தமிழ் தெரியாதே. 'மக'ன்னது மட்டும் புரிஞ்சுது. நீ அவள விசாரிக்கறேன்னு நெனச்சேன்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"அவகிட்ட போன்ல சொன்னேன். கீழ்வீட்டுப் பொண்ணு உன்னப் பத்திக் கேட்டா, நல்ல பொண்ணுன்னு." வாசல் பக்கம் திரும்பினார். "சரி. இப்ப முழுசா புரிஞ்சுது," என்றுவிட்டு மேலே போனார். ஒவ்வொரு படியாக ஏறுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை நான் மேற்பார்வையாளரிடம் போய்த் தோள் சரியாகிவிட்டது, அவரையே திருப்பி அனுப்புங்கள் என்றேன். அவர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். துவாலை அறையே போதும் என்று மேல்வீட்டம்மா சொல்லிவிட்டாராம்.

புதன்கிழமைகளில் மருந்து போட வருவதை அவர் நிறுத்தவில்லை. கொதிகலனை மாற்றுகிற வேலை நடந்த வாரம் எனக்கும் புதன் விடுமுறை கிடைத்தது. வீட்டில் இருந்தேன். அவரும் மாமியாரும் அரை மணி நேரம் பேசினார்கள். மாமியாரின் கண்ணைப் பற்றி, கடலுக்கு அப்பால் இருக்கும் மகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, எல்லாம் தமிழில். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புறப்படும்போது என் பக்கம் திரும்பினார். மருந்து தீரப்போகிறது, புதுப் புட்டி வாங்கி வை என்றார். மூன்று நான்கு வார்த்தை, பொதுமொழியில், அந்நிய ஆளிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி.

சரி என்றேன், நானும் அந்த மொழியிலேயே.