சிவப்புத் துணிக்குப் பின்னால்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக என் மனைவியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் ஊர் சுற்றுகிறேன். இதற்குச் சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அவள் தையல் மெஷின் மெக்கானிக். துணி ஆலைகளில் அவளை 'மெஷின் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தையல்காரன். ஒரு நாள் என் மெஷினில் தையல் விட்டு விட்டு விழ, பழுது பார்க்க ஆள் அனுப்பச் சொன்னேன். கனமான மோட்டார் சைக்கிளில், பின் சீட்டில் டூல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் வந்து இறங்கினாள். வாசலில் வேலையற்று நின்ற ஒருவர், "பொம்பளைக்கு ஒரு ஸ்கூட்டர் போதாதா?" என்று கேட்டார். "உங்களுக்கு நடை போதாதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு உள்ளே வந்து ஊசியைக் கழற்றினாள். நான் அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

அதே கேள்வியை ஆலை வாட்ச்மேன் கேட்டார், என் அம்மா கேட்டாள், அவள் அண்ணன் கேட்டார். அத்தனை பேர் வாயையும் அந்த மோட்டார் சைக்கிளைக் கொண்டே அடைத்துவைத்திருந்தாள்.

போன வருஷம் அவளுக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். காலைத் தூக்கிப் பின்னால் வீசி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவளா கேட்பாள்? வண்டியைச் சுவரோரம் நிறுத்தி மூன்று நாள் ஏறிப் பார்த்தாள். நாலாம் நாள் கால் பாதியிலேயே சீட்டில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"கடைசில எல்லாரும் சொன்ன அந்த ஸ்கூட்டருக்கே வந்துட்டேன் பாருங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஷோரூமில் ஒரு பெண் எங்களைச் சின்ன ஸ்கூட்டர்கள் பக்கம் அழைத்துப்போனாள். "மேடம், இது லேடீஸுக்கு லைட்டா இருக்கும்."

"லைட்டா இருக்கறது யாருக்கு வேணும்? உங்ககிட்ட இருக்கறதுலயே பெரிசு எதும்மா?" என்றாள் என் மனைவி.

ஒரு மூலையில் நின்றது அது. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த ஸ்கூட்டர். முன்னால் உயரமான கண்ணாடி, சோபா மாதிரி சீட்டு, இருநூறு கிலோ எடை. காலை முன்பக்கமாகவே மடக்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம். சீட்டுக்கு அடியில் அவளுடைய டூல் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. "இதுவே இருக்கட்டும்" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை.

இடுப்பு ஒத்துக்கொண்டது, இடது கைதான் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கை க்ளட்ச் பிடித்த கை. ஸ்கூட்டரில் அதே இடத்தில் பிரேக் இருக்கிறது. வேகம் குறையும்போதெல்லாம் க்ளட்ச் என்று நினைத்து முழுசாக அழுத்திவிடுவாள். வண்டி அப்படியே குத்திட்டு நிற்கும், என் மூக்கு அவள் ஹெல்மெட்டில் போய் இடிக்கும். என் மூக்கைப் பற்றி அவளும் கவலைப்படவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

அவளுக்கு ஒரு கூட்டம் உண்டு. ஆலை மெக்கானிக்குகளும் அவர்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவருமாகப் பதினான்கு பேர், எல்லாம் மோட்டார் சைக்கிள். வருஷம் ஒரு முறை விடியற்காலையில் கிளம்பிக் கடற்கரையில் இருக்கும் கலங்கரை விளக்கம் வரை போவார்கள். கடைசி வண்டியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். நான் தைத்துக் கொடுத்ததுதான். துணி கட்டிய வண்டி யாரையும் முந்தக் கூடாது, வழியில் யார் நின்றாலும் கூடவே நிற்க வேண்டும். துணி வந்து சேர்ந்தால் எல்லாரும் வந்து சேர்ந்தாயிற்று என்று கணக்கு. பதினொரு வருஷமாக அந்தத் துணி என் மனைவியிடம் இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அவள் கேட்டது அதைப் பற்றித்தான்.

இந்த வருஷமும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். எல்லாரும் கூடும் பெட்ரோல் பங்கில் நுழைந்தபோது அந்தப் பாழாய்ப்போன இடது கை வேலையைக் காட்டியது. வண்டி குத்திட்டு நின்றது, ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் டக்கென்று மோதின. பதின்மூன்று பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்தான் அவர்களுக்குத் தலைவர். அவர் நேரே வந்து துணியை அவிழ்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கடைசி வண்டின்னா ஒரு பொறுப்பு இருக்கு. ஸ்கூட்டரை வெச்சுக்கிட்டு எப்படி? நீங்க நடுவுல வாங்க, பத்திரமா."

துணி பாய்லர் மெக்கானிக்கின் வண்டிக்குப் போனது. அவர் நல்ல மனிதர், சங்கடத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.  என் மனைவி, "சரி" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னால் யாருக்கோ கேடுகாலம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டிகள் கிளம்பின. அவள் நகரவில்லை. பாய்லர்காரர் கையை ஆட்டி, முன்னால் போகச் சொன்னார். அவளும் கையை ஆட்டினாள், "நீங்க போங்க" என்று. வேறு வழியில்லாமல் போனார். இருபதடி விட்டு நாங்கள் பின்னால்.

துணி அவரிடம், ஆனால் கடைசி வண்டி நாங்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. வேகத்தைக் குறைத்தார், இவளும் குறைத்தாள். ஓரமாக நிறுத்தினார், இவளும் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அவர் ஆமை வேகத்துக்கு இறங்கினார். மோட்டார் சைக்கிளை அப்படி ஓட்டினால் க்ளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை கடுக்கும், என்ஜின் கொதிக்கும். ஸ்கூட்டருக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. என் மனைவி சாய்ந்து உட்கார்ந்து காற்று வாங்கினாள். முட்டைத் தட்டுகளை அடுக்கிக் கட்டிய ஒரு சைக்கிள் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப் போயிற்று.

மேட்டில் அவர் என்ஜின் இரண்டு தடவை அணைந்தது. இரண்டு தடவையும் இவள் பின்னாலேயே நின்று, "ஆற விடுங்க, அவசரமே இல்ல" என்றாள்.

இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறுத்தி நிறுத்திப் போன அந்த நூறு கிலோமீட்டரில் இடது கை ஒரு தடவைகூடத் தப்பு செய்யவில்லை. என் மூக்கே அதற்குச் சாட்சி.

கலங்கரை விளக்கத்தில் மற்றவர்கள் மூன்று மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். பாய்லர்காரர் வாசலில் நுழைந்ததும் தலைவர் எழுந்து, "துணி வந்துடுச்சு, எல்லாரும் வந்தாச்சு" என்றது எங்கள் காதிலும் விழுந்தது.

பாய்லர்காரர் இடது கையை உதறியபடி கத்தினார்: "எங்க வந்தாச்சு? எனக்குப் பின்னாடி அக்கா வராங்க! ஆரம்பத்துலேர்ந்து அவங்கதான் கடைசி. என்னால முடியல, ஆளை விடுங்க!"

அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்து நீட்டினார். "இந்தாங்கக்கா."

அவள் கையை நீட்டவில்லை. வலது காலை மெல்ல மடக்கி, முன்பக்கமாக இறங்கி நின்றாள்.

"காலைல எல்லார் முன்னாடியும் நீங்கதானே அவிழ்த்தீங்க? எல்லார் முன்னாடியும் நீங்களே கட்டுங்க."

அவர் ஸ்கூட்டருக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

"இறுக்கிக் கட்டுங்க தலைவரே," என்றாள். "அடுத்த வருஷமும் இதே வண்டிதான்."